பழைய சைக்கிள் சீட்டுக்குப் புதுத் தோல்

சைக்கிள் சீட்டைச் சரிசெய்ய நினைக்கிறவர்கள் முதலில் அதைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பார்த்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். என் சீட்டின் மேல்தோல் கறுத்து, வழவழப்பாக, இன்னும் பத்து வருடம் தாங்கும்போலத்தான் இருந்தது. கவிழ்த்தால் அடிப்புறம் நகம் பட்டதுமே பழுப்புத் தூளாக உதிர்ந்தது. மூக்குப் பக்கத்தில் மூன்று ரிவிட் ஓட்டைகளும் கிழிந்து ஒன்றாகியிருந்தன.

அதற்குக் காரணம் நான் தைத்த உறை. புதுக்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேலாக ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கிறேன். தோல் கொஞ்சம் கடினமாகிவிட்டது என்று 2009இல் பஞ்சு வைத்து ரெக்சினில் ஓர் உறை தைத்து மாட்டினேன். நல்ல தையல்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் தையல் ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கியது, வெளியேற வழியில்லை. பஞ்சு நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்தது. தோலுக்குக் காற்று வேண்டும். தோல் சீட்டின் மேல் உறை போடாதீர்கள். தோல் போய்விட்டதென்றால் தோலையே மாற்றுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். வீட்டுத் திண்ணையில், ஒன்பது நாளில்.

வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாமே என்று என் மகள் கேட்டாள். இந்த வண்டி 1992இல் வாங்கியது. அதற்கு முந்தைய வருடம் எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவு கற்பிக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியிருந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ளுங்கள் என்று அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தூண்டுதல் கொடுக்க, கல் உடைக்கிற பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிளில் ஏறினோம். பெண்களுக்கான வண்டி அப்போது எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் பலர் பார் வைத்த ஆண்கள் வண்டியையே கேட்டு வாங்கினார்கள். பிள்ளையை அந்தப் பாரில் உட்காரவைக்கலாம் அல்லவா? என் மகள் பால்வாடிக்குப் போனதும் அந்தப் பாரில்தான். பின்னால் கேரியரில் தைத்த துணி மூட்டை, முன்னால் அவள், நடுவில் இந்தச் சீட்டில் நான். இதை மாற்ற எனக்கு மனமில்லை.

இந்த வகைச் சீட்டில் மெத்தையே கிடையாது. முன்னால் ஒரு தகடு, பின்னால் ஒரு வளைந்த தகடு, இரண்டுக்கும் நடுவே தொட்டில்போல இழுத்துக் கட்டிய ஒரே தோல், கீழே ஸ்பிரிங்குகள், அவ்வளவுதான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜான் போல்ட்பீ புரூக்ஸ் என்பவர் தோல் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1882இல். அந்த வழியில் வந்ததுதான் நம் ஊர்ப் பழைய வண்டிகளின் சீட்டும். ஆகவே தோலின் இழுவிசைதான் சீட். மூக்கின் அடியில் இருக்கும் நீளத் திருகைச் சுற்றினால் முன்தகடு நகர்ந்து தோலை இறுக்கும்.

தோல் கிழியாமல் வறண்டு தொங்கி மட்டும் இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, கடைசியில் சொல்லும் மெழுகைத் தடவி, மூக்குத் திருகைக் கால் சுற்று இறுக்குங்கள். பக்க மடிப்புகள் வெளியே விரிந்திருந்தால் இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு ஓட்டை போட்டு, மெழுகு தடவிய தடித்த நூலால் அடிவழியாகக் குறுக்கும் நெடுக்கும் கோத்து இழுத்துக் கட்டுங்கள். அடிப்புறம் தூளாக உதிர்கிறதா, ரிவிட் ஓட்டை கிழிந்திருக்கிறதா, அப்போதுதான் புதுத் தோல். பிளாஸ்டிக் தட்டின் மேல் பஞ்சு வைத்த இக்காலச் சீட்டுக்கு ரெக்சின் உறையே சரி. தையலை மட்டும் உட்காரும் இடத்தில் வராமல் பக்கத்துக்குத் தள்ளித் தையுங்கள். இல்லையென்றால் தொடை உரசிப் புண்ணாகும்.

எந்தத் தோல் என்பதில்தான் வேலையின் பாதி இருக்கிறது. கைப்பை, சோபா தைக்கிற மெல்லிய தோல் உதவாது. 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிப்பில், மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலோ எருமைத்தோலோ வேண்டும். செருப்பின் அடித்தோல் என்று கேட்டால் கிடைக்கும். குரோமியத்தில் பதனிட்ட தோல் நனைத்தாலும் கொடுத்த வடிவத்தில் நிற்காது. பட்டைத் தோல் நனைத்தால் களிமண்போல இணங்கும், காய்ந்தால் அப்படியே நிற்கும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிடுவது நம் பக்கத்தின் பழைய தொழில். எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்குப் போகிற சாலையில், விமான நிலையத்துக்கு அருகே செம்பட்டில் தோல் ஆலைகள் உண்டு. எனக்குத் தோல் வாங்கித் தந்தது கடைவீதியில் செருப்புத் தைக்கும் பெரியவர்.

வாங்குமுன் சோதிக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். வெட்டிய ஓரத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல், நீலம் கலந்த சாம்பல் கோடு தெரிந்தால் குரோமியம். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். பட்டைத் தோல் சுருண்டு கட்டையாகிவிடும், குரோமியத் தோல் அசையாது. “வெந்நீரில் சுருங்குகிற தோல் பச்சைத் தண்ணீரில் உன் பேச்சைக் கேட்கும் அம்மா” என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையும்: ஈரத்தோலை அடுப்பருகிலோ வெயிலிலோ காயவைத்தால் அதே சுருக்கம் சீட்டிலும் வரும்.

இனிக் கழற்றுவது. துருப்பிடித்த நட்டில் முந்தின இரவே மண்ணெண்ணெய் விட்டுவைத்தால் காலையில் ஸ்பேனருக்கு மடங்கும். ரிவிட்டுகளின் அடித்தலையை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கி, ஆணியை வைத்துத் தட்டினால் மேலே எழும்பி வந்துவிடும். எனக்குப் பின்னால் ஆறு, மூக்கில் மூன்று. தோலைக் கிழித்து எறியாதீர்கள், அளவுக்கு வேண்டும்.

அடுத்து கம்பிச் சட்டம். இதில் அவசரப்பட்டு என் முதல் தோல் துண்டைக் கெடுத்தேன். துருவை மேலோட்டமாகத் துடைத்துவிட்டு ஈரத்தோலைப் போர்த்தினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் சட்டம் பட்ட இடமெல்லாம் மை கொட்டியதுபோலக் கருநீலத் திட்டு. யோசித்தபோதுதான் விளங்கியது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்துத்தானே மை காய்ச்சினார்கள்? பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மைதான். ஆகவே சட்டத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை அடித்து, முழுதாகக் காயவிடுங்கள். எனக்கு நான்கு நாள் இதற்கே போனது. பெயிண்ட் காயும்வரை மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

பழைய தோலைத் தண்ணீரில் ஊறவைத்து விரித்து, பலகையில் அழுத்தி வரைந்து அளவெடுத்தேன். ஆனால் அந்த அளவை அப்படியே நம்பக்கூடாது. பல வருடம் உட்கார்ந்த தோல் நீண்டிருக்கும். மூக்குத் திருகை முழுக்கத் தளர்த்தி முன்தகட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, சட்டத்தின் நீளத்தை நாடாவால் எடுத்துச் சரிபாருங்கள். திருகு தளர்ந்த நிலையில் தோல் பொருந்தினால்தான் பிறகு இறுக்க மரை மிச்சமிருக்கும். சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். துணியில் நேர்வாட்டம், குறுக்குவாட்டம் பார்ப்பதுபோலத் தோலிலும் பார்க்க வேண்டும். மாட்டின் முதுகெலும்பு ஓடிய திசையில் தோல் குறைவாக நீளும், வயிற்றுப் பக்கம் தொளதொளத்துப் போகும். மூக்கிலிருந்து பின்பக்கம் போகும் கோடு முதுகெலும்புக்கு இணையாக வரட்டும்.

வடிவம் பிடிக்க உள்ளே ஒரு கட்டை வேண்டும், சட்டம் மட்டும் நடுவில் தாங்காது. ஆசாரி ஒருவர் பழைய சீட்டைப் பார்த்து மரக்கட்டையைத் தோராயமாகச் செதுக்கிக் கொடுத்தார். மிச்சத்தை நான் அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்தேன். இரண்டு நாள் மாலை வேலை. பழைய சீட்டில் இடப்பக்கக் குழி வலப்பக்கத்தைவிட ஆழம். சிக்னலிலும் கடை வாசலிலும் நான் இடக்காலையே ஊன்றி நிற்பேன், அதனால் இருக்கலாம். கட்டையில் அந்தக் குழியைச் செதுக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். அது உட்கார்ந்து வர வேண்டியது.

தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கிவையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் வேண்டாம். தோலிலிருந்து குமிழிகள் வரிசையாக எழும்பும். என் 5 மில்லிமீட்டர் தோலில் அது நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இரவு முழுக்க வைத்தேன். இந்த ஓர் இரவை விட்டுவிடாதீர்கள். மேலெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து நடுவில் உலர்ந்த தோல் மடிக்கும்போது வெடிக்கும். மறுநாள் காலையில் அது தொட்டால் குளிர்ச்சியாக, சொட்டாமல், கெட்டியான அடைமாவுத் தோசைபோல வளைந்தது.

கட்டையின் மேல் நடுக்கோட்டைப் பொருத்தி, முதலில் பின்பக்கம், பிறகு மூக்கு, கடைசியில் பக்கங்கள் என்று உள்ளங்கையால் அழுத்தி இழுத்தேன். கயிறு கட்டினால் தடம் பதியும். பழைய வேட்டியை நான்கு விரல் அகலத்தில் கிழித்து, காலில் கட்டுப்போடுவதுபோலச் சுற்றினேன். மூக்கின் இருபுறமும் தோல் சுருக்கம் விழப் பார்க்கும். கத்தரியை எடுக்காதீர்கள். ரவிக்கையில் கையின் மேல்வளைவைக் கைக்குழியில் கொஞ்சம் கொஞ்சமாக அமர்த்துவோமே, அதுபோலக் கட்டுத்துணியை அவ்வப்போது அவிழ்த்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்துக்கொண்டே இருங்கள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து முறை தேய்த்தபோது சுருக்கம் முழுக்க உள்வாங்கிவிட்டது. அந்தப் பிற்பகல் முழுக்க நான் வேறு தையல் எதையும் தொடவில்லை.

பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் மூன்று நாள். ஈரத்தில் கறுத்த நிறம் மறுபடி வெளுத்து, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி இல்லாமல் இருந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கட்டை மேல் இருக்கும்போதே ஓரத்துக்குக் கோடு போட்டு, எடுத்தபின் கூரான கத்தியால் நறுக்கினேன். ஓரத்தை உப்புத்தாளால் உருட்டி, ஈரம் தொட்டு, மரக்கைப்பிடியால் வேகமாகத் தேய்த்தால் நார் அடங்கிப் பளபளப்பு வரும்.

ரிவிட்டுக்குச் செம்புதான் நல்லது. இரும்பு மறுபடியும் மைத்திட்டு போடும். அலுமினியம் பளுவுக்குத் தாங்காது. பாத்திரங்களுக்குக் கைப்பிடி மாற்றுகிறவரிடம் வாசருடன் ஒன்பது வாங்கினேன். உடனே அடித்துவிடக் கூடாது. ஓட்டுத் தையல் போட்டுப் பார்ப்பதுபோல, பின்தகட்டின் நடு இரண்டு ஓட்டைகளைக் குத்திச் சிறு போல்ட், நட்டால் பிடித்துவையுங்கள். பக்கங்கள் சமமாக இறங்குகின்றனவா என்று பார்த்து மற்ற ஓட்டைகளைக் குத்துங்கள். மூக்கில் தகட்டின் ஓட்டைக்கு நேராகக் குறி வைக்காமல் இரண்டு மில்லிமீட்டர் பின்னால் வையுங்கள். இழுத்து மாட்டும்போது அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் தோலுக்கு விறைப்பைத் தருகிறது. எல்லாம் சரியென்றால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ரிவிட்டை நுழையுங்கள். தலையை ஓர் இரும்புக் கட்டியில் உட்காரவைத்து, வாசருக்கு மேல் வாலை இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டி, சிறு சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் வால் மடங்கிக்கொள்ளும், பிடிக்காது.

கடைசியாக மெழுகு. 50 கிராம் தேன்மெழுகை, கொதிக்கும் தண்ணீரில் வைத்த சின்னக் கிண்ணத்தில் உருக்கி, அதே அளவு விளக்கெண்ணெய் சேர்த்துக் கலக்கி ஆறவிடுங்கள். விரலில் எடுத்து மெல்லிதாகத் தேய்த்து, ஒரு இரவு விட்டு, துணியால் மினுக்குங்கள். எண்ணெய் அதிகமானால் தோல் தளர்ந்து தொங்கிவிடும். முதல் மாதம் இரண்டு முறை, பிறகு வருடத்துக்கு இரண்டு முறை போதும். நான் சித்திரையிலும், மழைக்கு முன் புரட்டாசியிலும் தடவுகிறேன்.

புடவை கட்டி ஓட்டுகிறவர்கள் ஸ்பிரிங்கையும் கவனியுங்கள். கொசுவத்தின் ஓரம் அதில் சிக்கும், கிரீஸும் ஒட்டும். ஸ்பிரிங்குகளைச் சுற்றி மட்டும் ரெக்சினில் ஒரு சின்னப் பாவாடை தைத்து, சட்டத்தின் கம்பியில் கட்டியிருக்கிறேன். தோலை அது தொடாது. மழை வந்தால் பிளாஸ்டிக் பையைச் சீட்டின் மேல் மாட்டுகிறேன், நின்றதும் எடுத்துவிடுகிறேன்.

முதல் இரண்டு வாரம் பலகையில் உட்கார்ந்ததுபோலத்தான் இருக்கும். அதற்குள் திருகை இறுக்கவும் வேண்டாம், எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். எனக்கு ஆறு மாதம் ஆகிறது. மூக்குத் திருகை இன்னும் தொடவில்லை. போன வாரம் துடைக்கும்போது விரல் தடுமாறியது. இடப்பக்கம் மெல்லக் குழியத் தொடங்கியிருக்கிறது.