ஆனி, ஆடியில் நெல்லைச் சீமையைச் சுற்ற: வேனிலேயே சமைத்து, வேனிலேயே படுத்து

குற்றாலத்தில் சாரல் கொட்டும் அதே பருவத்தில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று பாய்ந்து பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் உயரமான வண்டிகளைத் தள்ளும். அதை மனதில் வைத்தே சாமான் ஏற்றுங்கள்.

கேரியரில் பாரம் வேண்டவே வேண்டாம். ஐந்து பேருக்குக் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் இரண்டு போதும். அவற்றை முன், பின் சக்கரங்களுக்கு நடுவே தரையோடு கட்டுங்கள். 5 கிலோ சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். எனவே கதவைத் திறந்துவைத்துச் சமையுங்கள். கிளம்பும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். கட்டில், அடுப்பு மேடையை நிரந்தரமாகப் பொருத்துவதானால் ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் தேவை.

சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி (அப்பளம் வாங்காமல் தாண்டாதீர்கள்), அம்பை (அம்பாசமுத்திரம்) வழியாகப் பாபநாசம். அதற்குமேல் புலிகள் காப்பகம். அடுப்பு மூட்டவோ இரவு தங்கவோ நினைக்காதீர்கள். மலையிறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிக்காமல் போகும்.

அடுத்து ஆழ்வார்குறிச்சி, கடையம், தென்காசி. சனி, ஞாயிறில் குற்றாலத்தில் வேன் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. இலஞ்சியிலோ தென்காசியிலோ அனுமதி கேட்டு நிறுத்திப் படுத்துவிட்டு, விடியுமுன் ஐந்தருவிக்குப் போய்விடுங்கள். தண்ணீர் திடீரெனக் கலங்கினால் மலைமேல் மழை என்று அர்த்தம். அந்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும்.

தெற்கே களக்காடு, திருக்குறுங்குடி தாண்டியதும் காற்று. பெரும்பாலும் வெயில் ஏற ஏற அதன் வேகமும் ஏறும். ஆகவே காலையிலேயே பணகுடியைக் கடப்பது உத்தமம். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். ஆபத்து லாரியைத் தாண்டும் நேரத்தில்தான். லாரியின் மறைவில் காற்று சட்டென்று நிற்கும். காற்றுக்கு எதிராக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை வண்டியை லாரி பக்கமே இழுக்கும். மறைவை விட்டு வெளியே வந்ததும் காற்று மறுபடி அறையும். இரு கையாலும் தளர்வின்றிப் பிடியுங்கள், வெட்டித் திருப்பாதீர்கள்.

திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் வேனை இறக்கக் கூடாது. தவறிப் புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாகப் போகும். சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, பனை ஓலையைப் பரப்பி, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, முதல் கியரில் மெல்ல ஏற்றுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் மெதுவாகவே ஓட்டி, அடுத்த பெட்ரோல் பங்கில் காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.