எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் போடும்முன் பழைய டிஸ்க்கைக் கழற்றுங்கள்

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து மன்னார்குடியில் என் கடை மேசையில் பழைய சிபியுக்கள் குவிகின்றன. வேலை பழக வந்த தம்பிகள் இருவரும் எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) மாட்டும்போது, பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே கூத்தைச் செய்கிறார்கள். பேக்கப் எடு என்று எல்லாரும் சொல்வார்கள், அதை நான் திரும்பச் சொல்லவில்லை. மற்ற தவறுகள் இவை.

பழைய டிஸ்க்கை மாட்டியபடியே இன்ஸ்டால் செய்வது

நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். குடவாசல் பக்கம் ஓர் உரக்கடை. எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் போட்டேன். கணக்கு இருந்த பழைய டிஸ்க்கை அப்படியே விட்டேன். இருபது நொடியில் திறந்தது, பெருமையாகக் காசு வாங்கி வந்தேன். சம்பா நடவு நேரத்தில் பழைய டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட, முதலாளியின் பையன் அதைக் கழற்றிவிட்டான். சிஸ்டம் கருப்புத் திரையோடு நின்றது. “புதுசுலதானே சார் போட்டீங்க?” என்று போனில் கேட்டான். கடை வாசலில் யூரியாவுக்கு ஆள் நிற்க, நான் பஸ் ஏறினேன்.

பழைய டிஸ்க்கில் 100 எம்.பி.யில் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் (சிஸ்டத்தைத் தொடங்கவைக்கும் பூட் ஃபைல்கள் இருக்கும் பகுதி) ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதைக் கண்டால் இன்ஸ்டாலர் பூட் ஃபைல்களை அதிலேயே போட்டுவிடும். சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, டிஸ்க்பார்ட் கமாண்டில் புது ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் உருவாக்கி, பூட் ஃபைல்களை எழுதும் பிசிடிபூட் கமாண்டை ஓட்டி முடிக்க அரை நாள் போனது. கூலி கேட்க வாய் வரவில்லை.

பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளை உருவிவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள், அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். எது டிஸ்க் 0, எது டிஸ்க் 1 என்ற குழப்பமும் இருக்காது.

அழித்துவிட்டு மீட்கலாம் என்று நம்புவது

ஹார்ட் டிஸ்க்கில் பல நேரம் கிடைக்கும். எஸ்.எஸ்.டி.யில் டிரிம் (அழித்த ஃபைல் இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லும் கட்டளை) வேலை செய்துவிட்டால் அநேகமாகக் கிடைக்காது.

பழைய தகவலை அழிக்க எஸ்.எஸ்.டி. முழுக்க பூஜ்யம் எழுதுவது

வேண்டாம். ஆயுள்தான் தேயும். பயாஸில் செக்யூர் எரேஸ் (டிஸ்க்கை முழுதாக அழிக்கும் வசதி) இருந்தால் அது போதும்.

எம்.பி.ஆர். முறையில் டிஸ்க்கைப் பிரிப்பது

அது பழைய முறை. விண்டோஸ் 11-க்குப் புதிய ஜி.பி.டி. முறைதான்.

டிஸ்க் தெரியவில்லை என்றதும் திருப்பிக் கொடுப்பது

போன வாரம் ஒரு தம்பி புது எஸ்.எஸ்.டி.யைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். “டெட் பீஸ்ணா.” லேப்டாப் இன்டெல் 11-ஆம் தலைமுறை. அதில் வி.எம்.டி. (டிஸ்க்குகளைக் கையாளும் இன்டெல் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதற்கான டிரைவர் இல்லாமல் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாது. டேப்பைப் பிரிக்கச் சொல்லி, பென் டிரைவில் டிரைவரைப் போட்டு லோடு செய்தோம். பட்டியலில் வந்து உட்கார்ந்தது.