யூசுஃப் ஷாஹின் படங்கள்: எங்கே தொடங்குவது?

எகிப்திய சினிமா பக்கமே போகாதவர்களுக்கு இது. ஷாஹின் 1950 முதல் 2007 வரை படம் எடுத்தவர். குடும்பக் கதை, பாட்டுப் படம், சரித்திரம், சுயசரிதை என்று எல்லாமே உண்டு. முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவீர்கள்.

படி 1: 'பாப் அல்-ஹதீத்' (1958). ஒன்றேகால் மணி நேரம்தான். கெய்ரோ ரயில் நிலையத்தைச் சுற்றியே கதை. விந்தி விந்தி நடந்து பேப்பர் விற்கும் கினாவியாக நடித்திருப்பது ஷாஹினேதான். குளிர்பானம் விற்கும் ஹனூமாவை (ஹிந்த் ருஸ்தும்) அவன் பார்க்கிற பார்வையைக் கவனியுங்கள். முதலில் பாவமாக இருக்கும், போகப்போகப் பயமாக இருக்கும். இந்தப் பக்கம் போர்ட்டர்கள் சங்கம் வைக்கப் போராடிக்கொண்டிருப்பார்கள். வந்த புதிதில் எகிப்திய ரசிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. ரயில் நிலையத்தில் பாட்டும் காதலும் எதிர்பார்த்துப் போயிருப்பார்களோ என்னவோ!

படி 2: இப்போது ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1926இல் அலெக்சாண்டிரியாவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். நடிப்புப் படிக்க அமெரிக்காவின் பாசடீனா போனார், திரும்பி வந்து இயக்குநரானார். உமர் ஷரீஃபை 1954இல் அறிமுகப்படுத்தியவரும் இவரே.

படி 3: 'அல்-அர்த்'. நிலம் என்று பொருள். 1930களின் கிராமம், பாசனத்துக்குத் தண்ணீர் விடும் நாட்களைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். கடைசிக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்து பார்த்தாலும் குறையாது: கிழவர் அபூ சுவைலமைக் குதிரையில் கட்டி இழுத்துப் போகிறார்கள். அவர் கைகள் மண்ணை விடுவதாயில்லை.

படி 4: 'அலெக்சாண்டிரியா... ஏன்?' (1979). பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது வாங்கிய படம். சினிமாக் கிறுக்குப் பிடித்த யஹ்யா என்ற பையன் வேறு யாருமில்லை, ஷாஹின்தான். இதை முதலில் பார்த்தால் யார் யாரென்றே பிடிபடாது. அதனால்தான் நாலாவதாக வைத்தேன்.

படி 5: 'அல்-மஸீர்' (1997). யூசுஃப் நபியின் கதையைத் தழுவி ஷாஹின் எடுத்த முந்தைய படத்தின் மேல் வழக்குப் போட்டுத் தடை வாங்கியிருந்தார்கள். அந்தச் சூட்டோடு 12ஆம் நூற்றாண்டு தத்துவஞானி இப்னு ருஷ்தைப் பற்றி எடுத்தார். அதே ஆண்டு கான் திரைப்பட விழா ஷாஹினுக்குத் தன் 50ஆம் ஆண்டுச் சிறப்பு விருதைக் கொடுத்தது. புத்தகங்களை எரிக்கும் காட்சி வரும்போது பொறுமையாகப் பாருங்கள். அந்தப் புத்தகங்களின் பிரதிகள் எகிப்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்ததும், இப்னு ருஷ்து தன் புத்தகம் ஒன்றைத் தானே நெருப்பில் போடுவார்.