செயலாளருக்குக் காய்ச்சல் வந்தால்? கல்லூரியில் தலைமை பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிம்போசியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது துறை மன்றச் செயலாளர் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். நிகழ்ச்சி நடக்குமா? "அவன் இல்லாம இங்க ஒண்ணும் ஓடாது" என்று நண்பர்கள் பெருமையாகச் சொன்னால், அவர் ஓராண்டு முழுக்க உழைத்திருக்கிறார், தலைமை மட்டும் பழகவில்லை என்று அர்த்தம். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

பதவி சேர்ப்பது

கிளாஸ் ரெப், துறை மன்ற இணைச் செயலாளர், கோடிங் கிளப், என்.எஸ்.எஸ்., பிளேஸ்மென்ட் கோஆர்டினேட்டர் என்று இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஐந்து பேட்ஜ் குத்திக்கொள்பவர்கள் உண்டு. ஒரு வேலையையாவது அனுமதிக் கடிதத்தில் தொடங்கி கணக்கு முடிக்கும்வரை பார்த்திருக்க மாட்டார்கள். இன்டர்வியூவில் "டீம்ல ஒருத்தர் வேலையே செய்யலைன்னா என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் திணறுவது பெரும்பாலும் இவர்கள்தான். ஆண்டுக்கு ஒரு பொறுப்பு எடுத்து, அதை ஒரு முழுச்சுற்று பாருங்கள். வருகைப்பதிவும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருக்கும்.

பதவியே இல்லாமலும் பழகலாம். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.யின் முதல் களப்பணியில் தலைவர் என்று யாரையும் நியமிப்பதில்லை. ஒரு பலகை, ஒரு கழி, ஒரு கயிறு கொடுத்துத் தடைகளைக் கடக்கச் சொல்வார்கள். யார் சொல்லும் யோசனையை மற்றவர்கள் எடுத்துச் செய்கிறார்கள், யார் அடுத்தவரின் நல்ல யோசனைக்குத் தோள் கொடுக்கிறார்கள் என்று அதிகாரி பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் கல்லூரிகளில் இதற்கு இணையான களம் என்.எஸ்.எஸ். சிறப்பு முகாம். இரண்டாண்டில் 240 மணி நேரச் சேவை, அதோடு ஒரு கிராமத்தில் 7 நாள் முகாம் என்பது திட்டம். துடைப்பத்தோடு நான்கு போட்டோ எடுத்து மணிக்கணக்கை நிரப்புவது எளிது. அதை விட்டுவிட்டு, முகாமில் சமையல் குழுப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். 50 பேருக்கு மூன்று வேளை. காய் நறுக்க யார் முறை, பாத்திரம் கழுவ யார் முறை, கடைசிப் பந்திக்கு சாம்பார் பத்தாமல் போனது யார் கணக்கில் என்ற சண்டை இரண்டாம் நாளே வந்துவிடும். சனிக்கிழமைப் பயிலரங்குகளில் கிடைக்கும் 'லீடர்ஷிப்' சான்றிதழ் இந்த ஒரு வாரத்துக்கு ஈடாகாது.

பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிப்பது

மேலாண்மைத் தாளில் தலைமைப் பாணிகள் மூன்று (தானே உத்தரவிடுவது, கலந்து பேசி முடிவெடுப்பது, குழுவின் போக்கில் விட்டுவிடுவது) என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள், அந்தப் பகுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடன் பணியாற்றிய லிப்பிட், ஒயிட் இருவரும் அமெரிக்காவின் ஐயோவாவில் பத்து வயதுச் சிறுவர்களின் கைவினைக் குழுக்களை வைத்துச் சோதித்து 1939-ல் வெளியிட்ட ஆய்வு அது. அதில் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் தானே உத்தரவிடும் பெரியவர் அறையை விட்டு வெளியே போனதும் அந்தக் குழுவின் வேலை சட்டென்று படுத்தது. கலந்து பேசி முடிவெடுத்த குழுவில் அவர் போனபிறகும் வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது. இதை உங்கள் குழுவிலேயே சோதிக்கலாம். அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் எழுந்து வெளியே போங்கள். திரும்பி வரும்போது என்ன முடிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

"நான் கூச்ச சுபாவம், எனக்கு இது வராது" என்று ஆளுமைத் தேர்வு முடிவைக் காட்டி ஒதுங்குவதும் தவறுதான். இன்ன குணங்கள் இருந்தால் எங்கும் தலைவராகலாம் என்று சொல்ல முடியாது, சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்று 1948-லேயே அமெரிக்க உளவியலாளர் ரால்ஃப் ஸ்டாக்டில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிவிட்டார். ஆளின் பழக்கத்துக்கு ஏற்ப வழிநடத்தும் விதத்தை மாற்றச் சொல்லும் ஹெர்சி, பிளான்சர்டின் சூழல்சார் தலைமை மாதிரியும் பாடத்தில் வரும். அதற்கு ஆய்வு ஆதாரம் அவ்வளவு பலமில்லை. ஆனாலும் அது கேட்கும் கேள்வி உதவும்: இந்த வேலையில் இவருக்கு எவ்வளவு பழக்கம்? முதலாண்டு மாணவியை முதன்முறையாக ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கில் உட்கார வைத்தால் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். மூன்று முறை அதைச் செய்தவரிடம் போய் அதையே விளக்கினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

"ஃபுட் நீ பாத்துக்க மச்சான்"

அதிகச் சேதம் செய்யும் வாக்கியம் இது. ஒப்படைத்த மாதிரி இருக்கும், ஒன்றும் ஒப்படைத்திருக்காது. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எவ்வளவு செலவழிக்கலாம் என்று எதுவும் தெரியாத அந்த மச்சான், ஒவ்வொன்றுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார். கூப்பிடக் கூச்சப்பட்டால் இன்னும் மோசம். மதியம் 1 மணிக்கு 40 பொட்டலம் குறையும்.

சரியாகச் சொன்னால் இப்படி இருக்கும்: "180 பேர் பதிவு பண்ணியிருக்காங்க, வாலண்டியர் 40, மொத்தம் 220. சைவம், அசைவம் எண்ணிக்கையை முந்தின நாள் சாயங்காலம் 4 மணிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் டீம்ல வாங்கி கேட்டரிங்காரருக்கு எழுதியே அனுப்பிடு. சாப்பாடு 12 மணிக்கு உள்ள வந்துடணும். 2,000 ரூபாய் வரைக்கும் என்னைக் கேக்காம செலவு பண்ணு. 12.15 ஆகியும் வண்டி வரலைன்னா மட்டும் எனக்கு போன் பண்ணு." இதில் வேலையின் அளவு, கெடு, பண அதிகாரம், எப்போது உங்களிடம் வர வேண்டும் என்ற எல்லை எல்லாம் வந்துவிட்டன. தண்ணீர்க் கணக்கை அவரே போடட்டும். தலைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 330 லிட்டர், 20 லிட்டர் கேன் 17. தப்பாகப் போட்டால் முந்தின நாளே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம்.

வாலண்டியர் பட்டியலில் 40 பெயர் இருக்கும், வேலையில் 12 பேர் இருப்பார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன் காரணத்தைப் பார்க்க வேண்டும். கயிறு இழுக்கும்போது ஆள் கூடக்கூடத் தலைக்கு இழுக்கும் விசை குறைவதை பிரான்சின் வேளாண் பொறியாளர் ரிங்கல்மன் அளந்து 1913-ல் வெளியிட்டார். கைதட்டச் சொன்னாலும் கத்தச் சொன்னாலும் கும்பலில் ஒவ்வொருவரும் அடக்கியே வாசிக்கிறார்கள் என்று 1979-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஊர்கூடித் தேர் இழுக்கிறது என்கிறோம். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருக்கலாம், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் சிலர் கையில்தான் இருக்கிறது. எந்தச் சக்கரத்துக்கு யார் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே "ஸ்டேஜ் டீம், 8 பேர்" என்று போடாதீர்கள். மைக்கின் மாற்று பேட்டரி ஒருவர் பெயரில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இன்னொருவர் பெயரில், சிறப்பு விருந்தினரை வாசலில் வரவேற்பது மூன்றாமவர் பெயரில் இருக்கட்டும்.

பஸ் கிளம்பியபிறகு கூட்டம் போடுவது

மாலை 5 மணிக்குக் கூட்டம். கல்லூரி பஸ் 4.20-க்கே போய்விடும். பெண்கள் விடுதியில் 6 மணிக்குள் உள்ளே வரச் சொல்லியிருப்பார்கள். மிஞ்சுவது ஆண்கள் விடுதியில் இருக்கும் ஏழு பேர், ஒரே அறை நண்பர்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் 'முடிவு' வரும். பிறகு "கேர்ள்ஸ் யாரும் இன்ட்ரஸ்ட் காட்டுறதில்ல" என்ற புலம்பல் வேறு. மதிய இடைவேளையில் 25 நிமிடம் போதும். என்ன பேசப்போகிறோம் என்பதை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.

மொழியும் இதே வேலையைச் செய்கிறது. கூட்டத்தை ஆங்கிலத்தில் நடத்தினால் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. ஊரில் பந்தல்காரரிடமும் ஒலிபெருக்கிக்காரரிடமும் பேரம் பேசத் தெரிந்தவர் அவர்களில் ஒருவராக இருப்பார்.

பணத்தைச் சொந்தக் கணக்கில் வாங்குவது

பதிவுக்கட்டணம் செயலாளரின் ஜிபேக்கு வரும், அதே கணக்கில் வீட்டிலிருந்து மெஸ் பணமும் வரும். திருட எண்ணமே இல்லாதவர்கூட மூன்றாம் வாரத்தில் கணக்குச் சொல்ல முடியாமல் விழிப்பார். துறையோ கல்லூரியோ கணக்குத் தந்தால் அதில்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால், வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். ஆட்டோ கூலிக்கு பில் வராது. தேதி, தொகை, காரணம் எழுதி இருவர் கையெழுத்திட்ட துண்டுச்சீட்டு வேண்டும். நிகழ்ச்சி முடிந்த 7 நாளுக்குள் வரவுசெலவை மொத்தக் குழுவுக்கும் காட்டிவிடுங்கள். கேட்டபிறகு காட்டினால் சந்தேகம் போகாது.

கையில் எதுவும் கொடுக்காமல் போவது

நிகழ்ச்சி முடிந்த மறுநாளே, மறப்பதற்குள், நான்கு கேள்வியோடு உட்காருங்கள். என்ன நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்தமுறை என்ன மாற்றுவோம். 'யார் தப்பு' என்பது இந்தப் பட்டியலில் கிடையாது. அந்தக் கேள்வியை உள்ளே விட்டால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும். பதிலை எழுதி, உண்மையான செலவுப் பட்டியல், கடைக்காரர்களின் எண்கள், எந்த அனுமதிக்கு எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் சேர்த்து ஒரு கோப்பாக அடுத்த ஆண்டு ஜூனியரிடம் கொடுங்கள்.

மன்றத்தின் மின்னஞ்சலும் இன்ஸ்டாகிராம் கணக்கும் யார் எண்ணில் இருக்கின்றன என்று இப்போதே பாருங்கள். படித்து முடித்து பெங்களூரு போன சீனியரின் எண்ணாக இருந்தால், அடுத்த போஸ்டர் போட வேண்டிய அன்று ஓ.டி.பி. அங்கே போகும், அவர் மீட்டிங்கில் இருப்பார்.