நடைபாதைக் குடும்பத்தைப் பற்றி ஆறு நிமிடக் குறும்படம் எடுப்பது எப்படி?

சென்னைப் பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றி நான் முதலில் எடுத்த குறும்படத்தைப் பார்த்தவர்கள் அனைவரும் "பாவம்" என்றார்கள். அதற்கு மேல் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அதே குடும்பத்தை வைத்து மறுபடி எடுத்த படத்தைப் பார்த்தவர்களோ, "மழை வந்தால் அரிசியை எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டார்கள். இடையில் நான் மாற்றிக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். கைப்பேசியில் படம் பிடிக்கவும் காட்சிகளை வெட்டி ஒட்டவும் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கேமரா இல்லாமல் போய் வாருங்கள். நான்கைந்து நாள், வெவ்வேறு நேரங்களில் போக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28 இரவில் சாலையோரம், மேம்பாலத்தின் அடி, ரயில் நடைமேடை, கோயில் வாசல் என்று தேடிச் சென்று, நாடு முழுவதும் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர் என்று எண்ணினார்கள். ஊரிலிருந்து தனியாக வந்து படுத்திருக்கும் கூலித் தொழிலாளியும், வாக்காளர் அட்டையோடு அதே இடத்தில் பேரன் பேத்தி கண்ட பாட்டியும் அந்த ஒரே எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். இவர்களில் யாருடைய கதையைச் சொல்லப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 2: துயரத்தைத் தேடாமல் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்த குடும்பத்தில், கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் ஒன்பதரை மணிக்குள் அடுப்பு, பாத்திரம், பாய், பள்ளிப் புத்தகம் எல்லாம் மூட்டையாகி சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏறியாக வேண்டும். இரவில் கடை மூடியதும் அந்த வீடு மறுபடி விரிய வேண்டும். எதை முதலில் கட்டுவது, எது கடைசிவரை வெளியே இருக்கலாம் என்பதில் அந்தக் குடும்பத்து அக்காவுக்கு இருக்கும் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பார்வையாளருக்குத் தன் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால் பின்னணி இசை தேவைப்படவில்லை; முதல் படத்தில் நான் சேர்த்திருந்த வயலினை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

படி 3: ஒப்புதல். நான் சறுக்கியது இங்கேதான். கையெழுத்து வாங்கிய தாள் என்னிடம் இருந்தது. அந்தத் துணிச்சலில், அதிகாலையில் அக்கா உறங்கிக்கொண்டிருந்த காட்சியோடு முதல் படத்தைத் தொடங்கியிருந்தேன். படத்தைப் போட்டுக் காட்டியபோது அவர், "நான் தூங்குறத எதுக்குத் தம்பி எடுத்த? உங்க வீட்டுல யாராச்சும் தூங்குறப்போ எடுப்பியா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சுவர் இல்லாதவர்களுக்கு உறக்கமும் குளியலும் உடை மாற்றுதலும் ஏற்கெனவே ஊரார் கண்ணில் படுகின்றன. அவற்றையே நாமும் எடுத்துப் பொதுவில் வைத்தால் அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் சிறிதளவு மறைவும் போய்விடும். அதன் பிறகு மூன்று முறை ஒப்புதல் கேட்கிறேன்: எடுப்பதற்கு முன், எடுத்த அன்றே காட்சிகளைக் காட்டி, பின்பு வெட்டி முடித்த படத்தை வேறு எவரும் பார்ப்பதற்கு முன். எந்தக் கட்டத்திலும் அவர்கள் நீக்கச் சொன்னதை நீக்கிவிட வேண்டும். இரண்டாவது படத்தில் எனக்குப் பிடித்த இரண்டு நிமிடங்கள் இப்படிப் போயின, வருத்தமாகத்தான் இருந்தது.

படி 4: கேமராவைப் பாயின் உயரத்துக்கு இறக்குங்கள். அமர்ந்திருப்பவரை நின்றபடி எடுத்தால் படம் முழுக்க அவரைக் குனிந்தே பார்க்கும். கவிழ்த்த வாளி ஒன்று போதும். நான் அதில் உட்கார்ந்துதான் எடுத்தேன்.

படி 5: வெளிச்சமும் ஒலியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கைப்பேசியைத் தானியங்கி நிலையில் விட்டு எடுத்தால் தெருவிளக்கின் கீழ் பட்டை பட்டையாக மினுங்கலாம். நொடிக்கு 25 சட்டகம், கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று பூட்டிவிடுங்கள். பல கைப்பேசிகளின் சொந்தக் கேமராச் செயலியில் இதற்கு வழியில்லை; இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமராச் செயலியையே நான் பரிந்துரைப்பேன். ஒலிக்குக் கம்பியுள்ள காலர் மைக்கை இரண்டாவது கைப்பேசியில் செருகிப் பேசுபவரிடமே கொடுத்துவிடுங்கள். கம்பியில்லா மைக் நெரிசலான தெருவில் என்னைப் பலமுறை கைவிட்டிருக்கிறது. நீண்ட உரையாடலைக் கடைகள் மூடியிருக்கும் ஞாயிறு காலையில் வைத்துக்கொண்டால் பேருந்து ஹாரன்களில் பாதி குறையும்.

பின்சேர்க்கை 1: குழந்தைகளின் முகத்தைக் காட்டலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களை, விசாரணை அல்லது நீதிமன்ற நடவடிக்கை பற்றிய ஊடகச் செய்தியில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கப்படலாம். வீடும் பிழைப்பு வழியும் இல்லாத குழந்தைகள் அந்த வரையறைக்குள் வருகிறார்கள் என்பதால், எச்சரிக்கையாகப் புத்தகத்தைக் கட்டும் கைகளை மட்டும் எடுத்தேன். பள்ளியின் பெயர் தெரிந்த பையைக் காட்சியிலிருந்தே நீக்கிவிட்டேன்.

பின்சேர்க்கை 2: "ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு வீடற்றோர் காப்பகம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே, அங்கே போகலாமே" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கேள்வியை அக்காவிடமே கேட்டு, பதிலைப் படத்தின் கடைசியில் சேர்த்துவிட்டேன். "ஆம்பளைக்கு ஒரு இடம், பொம்பளைக்கு ஒரு இடம்னா நாங்க எப்படி ஒண்ணா இருக்கறது?" என்றார். பிறகு சற்று யோசித்து, "வண்டிய எங்க நிறுத்தறது?" என்றார்.