டிஎன்ஏ ரிப்போர்ட்டைத் தப்பாகப் படிக்கும் வழிகள்

வீட்டிலிருந்தே எச்சில் அனுப்பிச் செய்யும் டிஎன்ஏ பரிசோதனையில் ஆய்வகம் சொதப்புவதைவிட நாம் சொதப்புவதுதான் அதிகம். பரிசோதனை எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை, நம்மை யாரோடு ஒப்பிட்டது என்று கேட்காமலேயே ரிப்போர்ட்டில் பச்சையா சிவப்பா என்று மட்டும் பார்க்கிறோம். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

"முழு டிஎன்ஏவையும் பார்த்துவிட்டார்கள்"

மனித மரபணுத்தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். விலை குறைந்த கிட்கள் பயன்படுத்தும் சிப் அதில் ஆறு, ஏழு லட்சம் இடங்களை மட்டும் சோதிக்கிறது. மனிதருக்கு மனிதர் அடிக்கடி மாறுபடும் இடங்களாகப் பார்த்து முன்கூட்டியே தேர்ந்தெடுத்தவை அவை. ஊர் முழுக்க வீடு வீடாகப் போகாமல், தெருமுனையில் நிற்பவர்களை மட்டும் விசாரித்து எழுதிய கணக்கு மாதிரி. பூர்வீகம் பார்க்க இது போதும். நோய்க்குப் போதாது.

மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச்சில் 23அண்ட்மீ என்ற கிட் நிறுவனத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது மூன்றே மூன்று மாற்றங்களைச் சோதிக்க. மூன்றும் முக்கியமாக அஷ்கெனாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத வம்சாவளியினர்) காணப்படுபவை. 2023இல் அந்தப் பட்டியல் 44 ஆனது. ஆனால் இந்த இரண்டு மரபணுக்களிலும் நோய் தரக்கூடியவை என்று அறியப்பட்ட மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்று வந்த வீட்டுப் பெண் ஒருவர் "மாற்றம் எதுவும் இல்லை" என்ற வரியைப் பார்த்துவிட்டு மேமோகிராமைத் தள்ளிப்போட்டால், அந்த ரிப்போர்ட் அவருக்கு உதவியதைவிடக் கெடுத்ததுதான் அதிகம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிலர் கிட் நிறுவனத்திடமிருந்து மூலத் தரவுக் கோப்பை இறக்கி, வேறொரு இணையதளத்தில் ஏற்றி, "ஆபத்தான மாற்றங்கள்" பட்டியல் ஒன்றை வாங்குகிறார்கள். இப்படி வந்த முடிவுகளை மருத்துவ ஆய்வகத்தில் மறுபடி சோதித்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 40 விழுக்காடு மாற்றங்கள் அந்த நபர்களிடம் இல்லவே இல்லை. காரணம் சிப் வேலை செய்யும் விதம். ஓர் இடத்தில் பலரிடமிருந்தும் வரும் ஒளிச் சமிக்ஞைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, நீங்கள் எந்தக் கூட்டத்தில் விழுகிறீர்கள் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. மாற்றம் மிக அரிதானது என்றால் ஒப்பிடக் கூட்டமே இருக்காது. சின்ன இரைச்சல்கூட மாற்றம் போலத் தெரியும். பிரிட்டன் பயோபேங்க் என்ற தன்னார்வலர் மரபணுத் தரவுத்தொகுப்பை வைத்து 2021இல் வந்த ஆய்வின்படி, அரிய பிஆர்சிஏ மாற்றம் இருப்பதாகச் சிப் சொன்ன 100 பேரில் உண்மையில் இருந்தது நான்கு பேருக்குத்தான்.

ஆகவே சிப்பின் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தவும் வேண்டாம், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கவும் வேண்டாம். புதிதாக ரத்தம் கொடுத்து, மருத்துவ அங்கீகாரமுள்ள ஆய்வகத்தில் சீக்வென்சிங் (எழுத்து எழுத்தாகப் படிக்கும்) முறையில் அதே மாற்றத்தை உறுதி செய்யுங்கள். குடும்பத்தில் யாரை முதலில் சோதிப்பது என்பதும் முக்கியம். இதில் பலரும் தலைகீழாகப் போகிறார்கள். நோய் வந்தவர் உயிரோடு இருந்தால் முதல் பரிசோதனை அவருக்குத்தான். அவரிடம் மாற்றம் கிடைத்தால், மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். செலவு குறைவு, பதிலும் ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும். ஆரோக்கியமாக இருப்பவர் முதலில் சோதித்து ஒன்றும் கிடைக்காவிட்டால், அவருக்கு அது கடத்தப்படவில்லையா, அல்லது குடும்பத்தின் மாற்றம் இந்தப் பரிசோதனைக்கே சிக்கவில்லையா என்று சொல்ல முடியாது.

"முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்" என்று ரிப்போர்ட்டில் வந்தால் அதை பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியர்களுக்கு இந்த வரி அதிகம் வரும். ஒப்பிடும் தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துக் கட்டியவை. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் முழு மரபணுத்தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. இப்படித் தரவு சேரச் சேர அந்த மாற்றங்களின் வகைப்பாடு மாறும். ஓரிரு ஆண்டு கழித்து அதே ஆய்வகத்திடம் மறுமதிப்பீடு கேளுங்கள். அதற்குப் புதிய மாதிரி தேவையில்லை.

கல்யாணத்துக்கு முன் கிட்டா?

சொந்தத்தில் திருமணம் பேசும் வீடுகளில் இப்போது "டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்ற பேச்சு வருகிறது. எண்ணம் நல்லதுதான், தேர்ந்தெடுக்கும் கருவிதான் தப்பு. உதாரணம், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். பீட்டா குளோபின் மரபணுவில் நோய் தரும் மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சிப்பில் இருப்பது சில. ஆனால் சாதாரண ரத்த அணு எண்ணிக்கையும் எச்பிஎல்சி என்ற ஹீமோகுளோபின் பரிசோதனையும் சேர்ந்தால் பீட்டா தலசீமியா கேரியரை (தனக்கு நோயில்லாமல் மாற்றத்தின் ஒரு பிரதியைச் சுமப்பவரை) பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது முக்கிய அடையாளம். கவனிக்க வேண்டியவை இரண்டு: இரும்புச்சத்துக் குறைவு ஏ2 அளவைக் குறைத்துக் காட்டக்கூடும், அதனால் குறைவைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதமாவது பொறுத்துச் செய்யுங்கள். இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது" என்று கணக்குப் போடுவது தவறு.

கர்ப்பகாலத்தில் தாயின் ரத்தத்தை வைத்துச் சிசுவின் குரோமோசோம் கோளாறுகளைத் தேடும் என்ஐபிடி ஒரு சல்லடைப் பரிசோதனை மட்டுமே. "அபாயம் அதிகம்" என்று வந்தால் பனிக்குட நீர் பரிசோதனை போன்ற ஒன்றால் உறுதி செய்யாமல் எந்த முடிவும் கூடாது. வெளிநாட்டுத் தளங்களில் விற்கும் "சிசுவின் பால் அறியும்" டிஎன்ஏ கிட்டை இந்தியாவில் வரவழைப்பதும் பயன்படுத்துவதும் 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தில் போய் முட்டும்.

செய்தித் தலைப்பைப் படிக்கும்போது

"இந்த ஜீன் இருந்தால் ஆபத்து 50 விழுக்காடு அதிகம்." எதைவிட அதிகம்? ஆயிரத்தில் நான்கு பேருக்கு வரும் நோய் ஆறு பேருக்கு வந்தாலும் அது 50 விழுக்காடுதான். அடிப்படை எண்ணைத் தராத செய்தியை அங்கேயே மூடிவிடலாம்.

எம்ஒய்பிபிசி3 என்ற இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தெற்காசியரில் சுமார் 4 விழுக்காட்டினருக்கு உண்டு என்று 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. மதுரை ஆராய்ச்சியாளர்களுக்கும் அதில் பங்குண்டு. நூற்றுக்கு நான்கு பேர் இதயம் செயலிழந்து விழப்போகிறார்கள் என்று அதற்குப் பொருள் கிடையாது. அந்த மாற்றம் உள்ள பலர் ஆயுள் முழுக்க நலமாகவே இருக்கிறார்கள். உங்களிடம் அது இருப்பதாகத் தெரிந்தால் அடுத்த படி ஈசிஜி, எக்கோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் உண்டா என்ற விசாரிப்பு.

உணவு ஜீன், விளையாட்டு ஜீன் பேக்கேஜ்களுக்கு இரண்டு வரி போதும். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புக் குறைவா மாவுச்சத்துக் குறைவா என்பதை மரபணு வகையை வைத்துத் தேர்ந்தெடுப்பதால் எடை கூடுதலாகக் குறையவில்லை. பள்ளிகளில் கைரேகை எடுத்து "பிறவித் திறமை" சொல்லும் டிஎம்ஐடிக்கும் டிஎன்ஏவுக்கும் சம்பந்தமே கிடையாது. பெயரின் ஒலியை வைத்தே பலர் ஏமாறுகிறார்கள்.

உறவுப் பட்டியலும் நம்மூர்க் கல்யாணங்களும்

பூர்வீகக் கிட்களின் உறவுப் பட்டியல், பெற்றோர் இருவரும் உறவில்லாதவர்கள் என்ற அனுமானத்தில் கட்டியது. நம் குடும்பங்களில் அந்த அனுமானம் பல இடங்களில் உடையும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது அண்ணன் தம்பி இருவர் அக்கா தங்கை இருவரைக் கட்டிய வீடு. அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இருவழி உறவு. சராசரியாக 25 விழுக்காடு டிஎன்ஏ பொதுவாக இருக்கும். ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்தவர்களுக்கும் அதே 25தான். ஆகவே ஆப், பெரியப்பா மகனை "பாதி உடன்பிறப்பு" என்று காட்டக்கூடும். அதைப் பார்த்துக் குடும்பத்தில் சந்தேகத்தைக் கிளப்புவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: தாய் வழி, தந்தை வழி இரண்டு பிரதிகளும் ஒத்துப்போகும் பகுதிகள் உண்டா? தந்தை மட்டும் பொதுவாக இருந்து, தாய்மார்கள் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள் என்றால் அவை ஏறக்குறைய இருக்காது. இருவழி உறவில் 6 விழுக்காடு போல இருக்கும். கூடப் பிறந்தவர்களுக்கு 25 விழுக்காடு.

தூரத்து உறவிலும் இதே சிக்கல். தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகத்துக்குள் மணம் முடித்தால் பல வழிகளில் வந்த சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்து மொத்தம் பெரிதாகத் தெரியும். மொத்த சென்டிமார்கனை (பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தைச் சொல்லும் அலகு) மட்டும் பார்க்காமல் மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 60, நீளமான துண்டு 9 என்றால், அவர் ஆப் சொல்வதைவிடப் பல தலைமுறை தள்ளிய உறவாகவே இருப்பார். 7க்குக் குறைந்த துண்டுகளை எண்ணவே வேண்டாம். சில தளங்கள் "உங்கள் பெற்றோர் ஒருவருக்கொருவர் உறவினர்" என்று பதறிக்கொண்டு எச்சரிக்கும். மாமன் மகளைக் கட்டிய அப்பாவின் பிள்ளைக்கு இது ஒரு செய்தியா என்ன!

ஒய் குரோமோசோம் வகையை வைத்துச் சாதி சொல்ல முயல்வதும் வீண். அது அப்பாவின் அப்பாவின் அப்பா என்று போகும் ஒரே ஒரு கோடு. பத்துத் தலைமுறைக்கு முன் ஏட்டுக் கணக்கில் உங்களுக்கு 1,024 மூதாதையர். அந்தக் கோட்டில் இருப்பவர் ஒருவர். ஒன்றிரண்டு விழுக்காடு என்று காட்டும் பூர்வீகமும் பெரும்பாலும் இரைச்சல்தான், அடுத்த அப்டேட்டில் காணாமல் போகலாம்.

நீதிமன்றம், விசா

வீட்டுக் கிட்டின் முடிவு சான்று ஆகாது. குழாயில் இருப்பது யார் எச்சில் என்று யாரும் பார்க்கவில்லை. தந்தைமைச் சோதனையை இந்திய நீதிமன்றங்கள் கேட்டவுடன் உத்தரவிடுவதில்லை; குழந்தைகளுக்கு வழக்கமாக டிஎன்ஏ சோதனை உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் மீண்டும் சொன்னது. குடும்பத்தை வெளிநாட்டுக்கு அழைக்கும் வழக்குகளில், தூதரகம் கேட்பதற்கு முன்பே தனியாரிடம் சோதித்து ரிப்போர்ட் இணைப்பது பணவிரயம். அமெரிக்காவுக்கு ஏஏபிபி என்ற அமைப்பின் அங்கீகாரமுள்ள ஆய்வகம் வேண்டும், கனடாவுக்கு அந்நாட்டுத் தர நிர்ணய மன்றத்தின் அங்கீகாரமுள்ள ஆய்வகம் வேண்டும். மாதிரியும் சாட்சி முன் எடுக்கப்பட வேண்டும். பெற்றோர்–பிள்ளை உறவு 99.99 போல உறுதியாக வரும். அண்ணன்–தங்கை உறவை மட்டும் நேரடியாகச் சோதித்தால் அவ்வளவு தெளிவு கிடைக்காமல் போகலாம். தாயோ தந்தையோ இருந்தால் அவர்களையும் சேர்த்துச் சோதிக்கக் கேளுங்கள்.

குழாயும் கடவுச்சொல்லும்

மாதிரி வீணாகும் காரணங்கள் சின்னவை. எச்சில் கொடுப்பதற்கு 30 நிமிடம் முன்பிருந்து சாப்பாடு, காபி, வெற்றிலை பாக்கு, புகை எதுவும் கூடாது. கோடு வரை எச்சில் வேண்டும், நுரை கணக்கில் வராது. மூடியை அழுத்தி மூடினால்தான் பாதுகாப்புத் திரவம் இறங்கும். பிறகு ஐந்து விநாடி குலுக்குங்கள். கன்னத்தில் தேய்க்கும் பஞ்சுக் குச்சி என்றால் காற்றில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் உறையில் பூஞ்சை பிடிக்கும். குழாயின் பார்கோடை அனுப்பும் முன்பே கணக்கில் பதியுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள் எச்சில் கிட் வாங்க வேண்டாம், தானம் தந்தவரின் டிஎன்ஏ கலந்து வரும்.

2023இல் 23அண்ட்மீயில் திருடர்கள் வேறு தளங்களில் கசிந்த பழைய கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தே சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். உறவுப் பட்டியல் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. அவர்களில் பெரும்பாலோர் தம் கடவுச்சொல்லில் ஒரு தவறும் செய்யாதவர்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது, பிறகு 30.5 கோடி டாலருக்கு அதன் நிறுவனர் ஆன் வோஜ்சிக்கி தலைமையிலான ஆய்வு நிறுவனத்துக்குக் கைமாறியது. தரவை நீக்க முடிவு செய்தால் வரிசை இதுதான்: மூலக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆராய்ச்சிக்குத் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுங்கள், சேமித்த எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்லுங்கள், கடைசியாகக் கணக்கை நீக்கி மின்னஞ்சலில் வரும் உறுதி இணைப்பை அழுத்துங்கள். அந்த இணைப்பை அழுத்தாமல் விட்டால் கணக்கு அப்படியே இருக்கும். ஏற்கெனவே ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்ட தரவு திரும்ப வராது.