கருவிழி நோய்க்குப் பார்வைப் பயிற்சி: எப்படிச் செய்வது?

முதலில் ஒன்று, இந்தப் பயிற்சி கருவிழியைச் சரிசெய்யாது. கெரட்டோகோனஸில், அதாவது கருவிழி மெலிந்து கூம்புபோல் புடைக்கும் நோயில், கூம்பிப்போனது கூம்பியபடிதான் இருக்கும், மங்கலாக வருவதைப் படிக்க மூளை பழகுகிறது, அவ்வளவுதான். அதனால் மருத்துவர் தந்த கண்ணாடியையோ லென்ஸையோ போட்டுக்கொண்டே செய்யுங்கள். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு பயிற்சிக்கான கணினித் திரையைப் பாருங்கள், சாம்பல் பின்னணியில் காபோர் எனும் மங்கிய கோட்டு வட்டம் வரும். கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல வேண்டும், சரியாகச் சொல்லச் சொல்ல அது இன்னும் மங்கும். சலிப்பாகத்தான் இருக்கும், வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். நான் பினாங்கு லிட்டில் இந்தியாவில் தே தாரேக் குடித்துக்கொண்டே எதிர்க்கடைப் பலகையை ஒற்றைக் கண்ணால் எழுத்துக்கூட்டிப் பார்ப்பேன், கடைக்காரர் முறைப்பார். அப்புறம், கண்ணைக் கசக்கவே கசக்காதீர்கள். வலியோ சிவப்போ வந்தால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.